கிளிநொச்சியிலிருந்து சென்னைக்கு: பலாலி விமானச் சேவை பற்றிய ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கொழும்புக்கான விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு உள்ள தூரமோ ஏறத்தாழ 645 கிலோமீற்றர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவரும், யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலியிலிருந்து புறப்பட்டால் வானில் செல்லும் நேரம் பாதியாகக் குறைந்துவிடும் என்றே எண்ணுவர். நானும் அப்படித்தான் எண்ணினேன். கடந்த ஆவணியில் எண்பத்தொரு வயதுடைய என் தாயாரைக் கிளிநொச்சியிலிருந்து சென்னைக்கு அழைத்துச் சென்று வந்த பிறகு, அந்தக் கணக்கு எங்கே பிழைக்கிறது என்பதும், பிழைத்த பிறகும் இந்தச் சேவை வன்னியில் வாழும் எங்களுக்கு ஏன் இவ்வளவு பெறுமதியானது என்பதும் தெளிவாயின. ஒரு விமானத்தின் நேரத்தை விமான நிலையத்தில் தொடங்கிக் கணக்கிடக்கூடாது, வீட்டுப் படலையில் தொடங்கிக் கணக்கிட வேண்டும் என்பதால், இந்த மதிப்பீட்டையும் அங்கிருந்தே எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு என்னிடம் ஒரு பழைய பயணத்தின் குறிப்பு இருக்கிறது. 2018ஆம் ஆண்டில் நானும் அம்மாவும் கட்டுநாயக்கா வழியாகச் சென்னைக்குச் சென்றோம். முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்த பழக்கத்தால் எதற்கும் நேரம் குறித்து வைப்பது என் வழக்கம். இரவு 9.00 மணிக்கு வாடகை வானில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஏ-9 வீதியில் வவுனியாவைத் தாண்டி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் வழியாக ஏறத்தாழ 300 கிலோமீற்றர் ஓடி, அதிகாலை 4.00 மணிக்குக் கட்டுநாயக்காவைச் சென்றடைந்தோம். விமானம் 7.34க்கு நிலத்தை விட்டு எழுந்தது, 8.40க்குச் சென்னையில் இறங்கியது. குடிவரவுச் சோதனை முடிந்து, பொதிகளை எடுத்துக்கொண்டு, வளசரவாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டின் வாசலில் கால் வைத்தபோது முற்பகல் 10.50. மொத்தம் 13 மணித்தியாலமும் 50 நிமிடமும். அதில் வானில் இருந்தது 66 நிமிடம் மட்டுமே. புத்தளத்துக்கு அப்பால் ஒரு தேநீர்க்கடையில் அம்மா வானை விட்டு இறங்க முடியாமல் கால் விறைத்து உட்கார்ந்திருந்தது, அந்தப் பயணத்தில் எனக்கு இன்றும் மறக்காத காட்சி. அதன் பிறகு இனி எங்கும் வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

கடந்த ஆவணியில் அக்காவின் மகளுக்குத் திருமணம். பெறாமகளின் திருமணத்துக்கு நான் தனியே போவதில் அர்த்தமில்லை. பேத்தியைப் பார்க்க அம்மாவும் வர வேண்டும் என்றால் பலாலியைத் தவிர வழியில்லை. வீட்டிலிருந்து காலை 10.45க்குப் புறப்பட்டோம். பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம் கடந்து, மீசாலையில் புத்தூர் வீதிக்குத் திரும்பினால் யாழ்ப்பாண நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. அச்சுவேலி வழியாக நேரே பலாலிப் பக்கம் போய்விடலாம். அப்படிச் செல்லும்போது கிளிநொச்சியிலிருந்து தூரம் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். வழியில் ஒருமுறை நிறுத்தி அம்மாவை இளைப்பாறச் செய்தும் 12.35க்கு விமான நிலையத்தில் இருந்தோம். விமானம் 4.06க்கு எழுந்து 5.10க்குச் சென்னையில் இறங்கியது. 5.55க்கு வெளியே வந்தோம். மாலை நெரிசலில் ஊர்ந்து, 7.10க்கு அக்கா வீட்டை அடைந்தோம். மொத்தம் 8 மணித்தியாலமும் 25 நிமிடமும்.

வானில் இருந்த நேரத்தைக் கவனியுங்கள். கட்டுநாயக்காவிலிருந்து 66 நிமிடம், பலாலியிலிருந்து 64 நிமிடம். தூரத்தில் 290 கிலோமீற்றர் குறைந்தும், மிச்சமான நேரம் இரண்டே நிமிடம். இதற்குக் காரணம் விமானத்தின் வகை. கட்டுநாயக்காவிலிருந்து செல்பவை ஜெட் விமானங்கள். உயரத்தை எட்டிய பின் மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேல் பறப்பவை. பலாலிக்கு வருவது ஏ.ரி.ஆர் 72 எனப்படும், இரண்டு காற்றாடிகளைக் கொண்ட சிறிய விமானம். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். அதுவும், 355 கிலோமீற்றர் போன்ற குறுகிய தூரத்தில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும், இறங்கும் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி வருவதற்கும் பெரும் பகுதி நேரம் போய்விடுவதால், முழு வேகத்தில் பறக்கும் இடைவெளி குறைவு. என் குறிப்பின்படி கணக்கிட்டால் எங்கள் விமானத்தின் சராசரி வேகம் மணிக்கு 333 கிலோமீற்றர் மட்டுமே.

இரு நகரங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் இணையக் கணிப்பான்கள் பல உள்ளன. அவற்றை நம்பித் திட்டமிடுவோருக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பார்த்த ஒன்று, தூரத்தை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்கென அரை மணித்தியாலத்தைக் கூட்டி, யாழ்ப்பாணம்–சென்னைப் பறப்புக்கு 57 நிமிடம் என்று விடை தந்தது. தூரம் சரி; நேரம் இந்த வழியில் பறக்கும் விமானத்துக்குரியது அல்ல. விமான நிறுவனத்தின் நேர அட்டவணை ஏறத்தாழ ஒன்றே கால் மணித்தியாலம் என்று சொல்லும். அதில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும், இறங்கிய பின் நிற்குமிடத்துக்குச் செல்லும் நேரமும் சேர்ந்திருக்கும். உங்களை அழைத்துப்போக வருபவருக்கு நேரம் சொல்லும்போது அட்டவணையில் உள்ளதையே சொல்லுங்கள். சில பக்கங்களில் தூரம் 192 என்று போட்டிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர் என்பதால் இரண்டும் ஒரே தூரந்தான்.

நேர வேறுபாடு பற்றிய கவலையும் வேண்டாம். 2006 ஏப்ரல் முதல் இலங்கையின் நேரமும் இந்தியாவின் நேரமும் ஒன்றே. அதற்கு முந்திய பத்தாண்டுகளில் அரசு கடிகாரத்தை முன்னே நகர்த்தியிருந்தபோது, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் நாங்கள் பழைய நேரத்தையே வைத்திருந்தோம். ஓமந்தையைக் கடந்து வவுனியாவுக்குப் போகிறவர் 'புது நேரமா, பழைய நேரமா' என்று கேட்டுத்தான் எதையும் குறித்துக்கொள்வார். அந்தக் காலத்தைக் கண்ட எனக்கு, பலாலியில் பார்த்த மணிக்கூட்டைச் சென்னையில் திருத்த வேண்டியில்லை என்பது ஒரு சிறு நிறைவைத் தந்தது.

எனவே இந்தச் சேவையின் பயனை வானத்தில் தேடக்கூடாது, தரையில் தேட வேண்டும். வானில் குறைந்த 290 கிலோமீற்றரால் எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. வீதியில் குறைந்த 230 கிலோமீற்றர்தான் ஐந்தரை மணித்தியாலத்தை மிச்சப்படுத்தியது. மணித்தியாலக் கணக்கை விடவும் பெரியது இன்னொன்று: சென்னையில் கடைசிச் சிறிது நேரத்தைத் தவிர, முழுப் பயணமும் பகல் வெளிச்சத்தில் முடிந்தது. ஒரு முதியவரை, ஒரு நோயாளியை, கைக்குழந்தையோடு ஒரு தாயை இரவு முழுவதும் வாடகை வாகனத்தில் குலுக்கிக்கொண்டு போவதற்கும், காலைச் சாப்பாட்டை வீட்டில் முடித்துவிட்டுப் புறப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தூரக் கணிப்பானும் காட்டாது. நித்திரை முழிப்போடு ஏ-9 வீதியில் வாகனம் ஓட்டும் சாரதிமாரைப் பற்றி வன்னியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விமானத்தைப் பற்றி. ஏ.ரி.ஆர் விமானத்தைச் சிறியது என்று பயப்படுவோர் எங்கள் ஊரில் உண்டு. புறப்படுவதற்கு முன் அம்மாவிடம் வந்து பயமுறுத்தியவர்களும் உண்டு. அது குறுந்தூரப் பறப்புக்கென்றே செய்யப்பட்டது. குறைந்த எரிபொருளில், பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாத ஓடுபாதைகளிலும் இயங்கக்கூடியது. இருக்கைகள் நடைவழியின் இருபுறமும் இரண்டிரண்டாக உள்ளன. நடு இருக்கை என்று ஒன்று இல்லாததால் இருவராகச் செல்வோருக்கு மிக வசதி. வாசல் நிலத்துக்கு அருகிலேயே இருப்பதால் ஏற வேண்டிய படிகள் சில மட்டுமே. 2018இல் உயர்ந்த படிவரிசையைக் கண்டு மலைத்த அம்மா, இம்முறை கைப்பிடியைப் பிடித்துத் தாமே ஏறினார். 'அம்மா, மெதுவா ஏறுங்கோ, அவசரமில்லை' என்று பின்னால் நின்று சொன்ன பணிப்பெண் நம்மைப் போலவே பேசியதைக் கேட்டு, அவர் எந்த ஊர்ப் பிள்ளை என்று விசாரிக்கவும் தொடங்கிவிட்டார்.

குறைகளும் உண்டு. காற்றாடியின் இரைச்சல் ஜெட்டை விட அதிகம். அதன் அதிர்வைக் காற்றாடிக்கு நேரே உள்ள வரிசைகளில் நன்றாக உணரலாம். காது மந்தமானவர்களோடு பேச முடியாது. இயன்றால் பின் வரிசைகளைக் கேட்டுப் பெறுங்கள். தலைக்கு மேலுள்ள பொதித்தட்டும் சிறியது; பெரிய கைப்பையைக் கடைசி நேரத்தில் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள் என்பதால், மருந்துகளையும் நகைகளையும் கடவுச்சீட்டையும் தனியாக ஒரு சிறு பையில் வைத்துக்கொள்வது நல்லது. திருமணத்துக்குப் போகிறவர்கள் வரும்போது சேலையும் பாத்திரமுமாக வாங்கி வருவது வழக்கமாதலால், அனுமதிக்கப்பட்ட எடையைப் பயணச்சீட்டில் வாசித்துப் பார்த்து, வீட்டிலேயே நிறுத்துக்கொண்டு போக வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் பொதிகளைத் தரையில் விரித்து, எதை விடுவது என்று தடுமாறியதைக் காணச் சங்கடமாயிருந்தது.

இருக்கையின் பக்கத்தைத் தெரிவு செய்யும் வாய்ப்பிருந்தால், சென்னைக்குப் போகும்போது இடது யன்னலையும் திரும்பும்போது வலது யன்னலையும் கேளுங்கள். பலாலியும் சென்னையும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 80 பாகைக்குச் சற்றுக் கிழக்கே இருப்பதால் விமானம் நேர் வடக்காகப் பறக்கிறது. தமிழ்நாட்டின் கரை அதன் மேற்கே நீண்டு கிடக்கிறது. ஜெட்டை விடத் தாழப் பறப்பதால், முகில் இல்லாத நாளில் கீழே கடலின் நிறம் மாறுவதும் படகுகளும் தெரிகின்றன. யாழ்ப்பாணக் கரை மறைந்த சிறிது நேரத்திலேயே கோடியக்கரைப் பக்கத்து நிலம் மங்கலாகத் தெரிந்தது. அம்மா நெடுநேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 1990இல் அக்காவும் அத்தானும் மன்னாரிலிருந்து ஓர் இரவில் படகேறிப் போனார்கள்; அவர்கள் கரை சேர்ந்தார்களா என்று அறிய எங்களுக்கு இரண்டு மாதம் சென்றது. 'பிள்ளை, இவ்வளவுதானோ இடம்' என்று மட்டும் கேட்டார்.

இந்த வழி புதிதும் அல்ல. ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10 அன்று தன் முதற்பறப்பையே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (இன்றைய பலாலி) வழியாகச் சென்னைக்குத்தான் நடத்தியது. அம்மாவின் வயதொத்தவர்களுக்குப் பலாலியிலிருந்து 'மெட்ராஸ்' போய்வந்த கதைகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. தலைமன்னாரிலிருந்து கப்பலேறித் தனுஷ்கோடியில் ரயில் பிடித்த போட் மெயில் காலத்தை வன்னி மக்கள் அதைவிட நன்றாக அறிவர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அந்தப் பாதையின் ஒரு முனை அழிந்தது. போர் எல்லாவற்றையும் மூடிய பின், பலாலி 2019 அக்டோபர் 17 அன்று பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து சேவையைத் தொடங்கியது. பெருந்தொற்றால் 2020இல் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பித்தது. 2024 செப்டம்பரில் இன்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. 2025 மார்ச் 30 முதல் திருச்சிராப்பள்ளிக்கும் ஒரு சேவையை ஏற்படுத்தியது. நான் எந்த நிறுவனத்தில் சென்றேன் என்பதை இங்கே எழுதவில்லை. ஒருமுறை சென்றதை வைத்து ஒரு நிறுவனத்தை மற்றொன்றோடு ஒப்பிடுவது நியாயமாகாது, இந்த வழியைப் பற்றிச் சொல்வதே என் நோக்கம்.

திருச்சிச் சேவை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பலாலிக்கும் திருச்சிக்கும் இடையிலான வான்தூரம் ஏறத்தாழ 185 கிலோமீற்றர்தான். இது கிளிநொச்சியிலிருந்து அனுராதபுரம் போய்த் திரும்பும் தூரத்தை விடக் குறைவு. வேளாங்கண்ணிக்கோ, தஞ்சாவூருக்கோ, மதுரைக்கோ போகிறவர்கள் சென்னையில் இறங்கி மறுபடியும் தெற்கே ரயிலேறி வருவது வீண் அலைச்சல். செப்டம்பர் 8ஆம் திகதித் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி செல்லும் மன்னார், மடுப் பக்கத்து அடியார்களுக்கும், திருச்சியில் இருக்கும் கொட்டப்பட்டு அகதி முகாமில் உறவினர் உள்ளவர்களுக்கும் திருச்சியே உகந்தது.

பலாலி நிலையம் சிறியது. வரிசைகள் குறுகியவை, நடக்கும் தூரம் குறைவு, முதியவர்களுக்கு அது பெரும் நன்மை. ஆனால் மூன்று மணித்தியாலத்துக்கு முன்னரே வரச் சொல்லும்போது அந்த மூன்று மணித்தியாலத்தைக் கழிக்க வேண்டிய வசதிகளும் வேண்டுமல்லவா? நாங்கள் சென்ற அன்று உண்பதற்குக் கிடைத்தவை மிகச் சில. நீரிழிவு உள்ள அம்மாவுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன இடியப்பம்தான் கைகொடுத்தது. எங்கள் 8 மணித்தியாலம் 25 நிமிடத்தில் ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலம் பலாலியில் காத்திருந்ததே என்பதைப் பார்த்தால், இந்தப் பயணத்தின் நேரத்தை இன்னும் குறைக்க வேண்டியவர்கள் விமானிகள் அல்லர் என்பது புரியும். இந்திய ரூபாவைச் சிறிதளவேனும் முன்கூட்டியே மாற்றி வைத்திருங்கள். வீசாவை இணைய வழியில் பெற்று, அதை அச்சிட்டுக் கையில் வைத்திருப்பது நல்லது. கைபேசியில் காட்டலாம் என்று வந்த ஒருவர் மின்னேற்றம் தீர்ந்து நின்றதைக் கண்டேன்.

மிகப் பெரிய குறை வேறொன்று. ஒரு நாளில் வந்து போகும் விமானங்கள் மிகச் சில என்பதால், ஒன்று தவறினால் பெரும்பாலும் அடுத்த நாள்தான். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் இது வெறும் அச்சமல்ல. எங்கள் அயலவர் ஒருவர் முன்னொரு கார்த்திகையில் சென்னையிலிருந்து வந்தபோது, விமானம் பலாலிக்கு மேல் வட்டமிட்டு, இறங்க முடியாமல், மீண்டும் சென்னைக்கே போய்விட்டது. அவர் மறுநாள்தான் வீடு வந்தார். சென்னையிலிருந்து தனிப் பயணச்சீட்டில் வேறு நாட்டுக்குச் செல்லத் திட்டமிடுவோர், குறிப்பாக மழைக்காலத்தில், நடுவில் ஒரு முழு நாளையாவது விட வேண்டும். எனக்கும் ஒரு கசப்பு உண்டு: புறப்படும் நேரம் நாற்பது நிமிடம் முன்னே நகர்த்தப்பட்டதைப் பயணச்சீட்டை எடுத்துத் தந்த முகவர் எனக்குத் தெரிவிக்கவில்லை. முதல்நாள் மாலையில் நானே இணையத்தில் பார்த்திராவிட்டால் அவதிப்பட்டிருப்போம். முகவரை நம்பி இருக்காமல், முதல்நாளும் காலையும் நீங்களே சரிபாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை, பலாலிப் பயணச்சீட்டு கட்டுநாயக்காவினதை விடச் சற்றுக் கூடுதலாகவே எங்களுக்கு அமைந்தது. ஆனால் 300 கிலோமீற்றருக்கான வாகனக் கூலி, வழிச்சாப்பாடு, சில வேளைகளில் நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கும் செலவு ஆகியவற்றைச் சேர்த்தால் பலாலியே மலிவு.

வன்னி முழுவதற்கும் இதே தீர்ப்பைச் சொல்ல முடியாது. கிளிநொச்சி, பூநகரி, பரந்தன், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு ஆகிய இடங்களில் இருப்போர் இரண்டாம் யோசனையின்றிப் பலாலிக்குப் போகலாம். மன்னாரில் உள்ளவர்களுக்கும், பூநகரி வீதியும் சங்குப்பிட்டிப் பாலமும் இருப்பதால், பலாலியே கிட்ட. வவுனியாவில் இருப்போருக்குப் பலாலி ஏறத்தாழ 145 கிலோமீற்றர், கட்டுநாயக்கா ஏறத்தாழ 230 கிலோமீற்றர். சென்னைக்கு மட்டும் என்றால் பலாலி நல்லது, மழைக்காலமாகவோ தொடர் பயணமாகவோ இருந்தால் விமானங்கள் அதிகமுள்ள கட்டுநாயக்காவைத் தெரிவு செய்வதில் பிழையில்லை. செட்டிக்குளத்துக்குத் தெற்கே இருப்பவர்கள் தங்கள் வசதியைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

திரும்பி வந்தபோது விமானம் பிற்பகல் 3.05க்குப் பலாலியில் இறங்கியது. சுங்கத்தைக் கடந்து 3.50க்கு வெளியே வந்தோம். ஆனையிறவில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா வாகனத்தின் யன்னலைத் திறக்கச் சொல்லி உப்புக்காற்றை வாங்கிக்கொண்டு வந்தார். 5.45க்கு வீடு. கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு போய், அன்றைய விளக்கை அவரே ஏற்றினார்.